லீஸ் முடிந்து காரைத் திருப்பிக் கொடுத்தேன்: மலையில் தேய்ந்த டயருக்கு என்ன கேட்டார்கள்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் கொடுத்த லீஸ் நிறுவனத்துக்கு ஐந்துக்கு மூன்று, மேட்டுப்பாளையத்தில் நான் போன டயர் கடைக்கு நாலரை. காரைப் பற்றி இங்கே எதுவும் எழுதப்போவதில்லை, அது நன்றாகவே ஓடியது. இழுபறி முழுக்க டயரில்தான். நிறுவனத்தின் பெயரையும் போடவில்லை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் லீஸில் கார் எடுத்த தெரிந்தவர்களிடம் ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தேன், டயர் பகுதி எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே வாசகம். ஆகவே நீங்கள் யாரிடம் எடுத்திருந்தாலும் கடைசி மாதத்தில் இதே பேச்சுதான் வரும்.

என்னுடையது அலுவலகம் மூலமாக எடுத்த நான்கு வருட லீஸ். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், கடைசியில் ஒரு தொகை கட்டி காரை நாமே வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பெரும்பாலானவர்கள் வைத்துக்கொள்வதுதான் வழக்கம், அதனால் திருப்பிக் கொடுக்கும் நடைமுறையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. காரை நாமே வைத்துக்கொண்டால் டயர் மொட்டையாக இருந்தாலும் அது நம் பாடு. திருப்பிக் கொடுத்தால் அந்தக் காரை அவர்கள் பழைய கார் சந்தையில் விற்க வேண்டும், வாங்க வருகிறவன் முதலில் குனிந்து பார்ப்பது டயரை, அதனால்தான் ஒப்பந்தத்தில் என்ஜினுக்கு ரெண்டு வரி, டயருக்கு முக்கால் பக்கம்.

அந்த முக்கால் பக்கத்தில் இருப்பது இதுதான். நான்கு டயரிலும் பட்டன் ஆழம், அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் ஆழம், குறைந்தது 3 மி.மீ. இருக்க வேண்டும், அதுவும் மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் அளந்து. கார் வரும்போது இருந்த அதே அளவு, அதே எடைக் குறியீடு, அதே வேகக் குறியீடு. முன்பக்க ரெண்டும் ஒரே கம்பெனி ஒரே டிசைன், பின்பக்க ரெண்டும் அப்படியே. தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் கூடாது. பக்கவாட்டில் வெட்டு, வீக்கம், நூல் தெரியும் கீறல் எதுவும் கூடாது. டயரின் வயது ஐந்து வருடத்துக்குள் இருக்க வேண்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் மூன்றும் காரோடு போக வேண்டும். ஸ்டெப்னி மட்டும் 'சட்டப்படி ஓட்டத்தக்க நிலையில்' இருந்தால் போதும். இந்தக் கடைசி வாசகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பணம் மிச்சமானது அதில்தான்.

சட்டம் கேட்பது இவ்வளவு இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி காருக்கு 1.6 மி.மீ. ஆழம் இருந்தால் போதும். டயரின் பள்ளங்களுக்குள்ளே குறுக்கே சின்னச் சின்ன மேடு வைத்திருப்பார்கள், பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். புது டயரில் சுமார் 8 மி.மீ. இருக்கும். ஆக சட்டத்தை மட்டும் பார்த்தால் ஆறு மி.மீ.க்கு மேல் தேய்க்கலாம், லீஸ்காரர்களைப் பார்த்தால் ஐந்துதான். மழையில் ஓட்டுகிறவர்களுக்கு 3 என்பது அநியாயமான எண் என்று நான் சொல்லமாட்டேன். ஐப்பசி மழையில் குஞ்சப்பனைக்கு மேலே ரோட்டில் தண்ணீர் தகடு மாதிரி ஓடும்போது ரெண்டு மி.மீ. டயரோடு பிரேக் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

என் தம்பி அமெரிக்காவில் இருக்கிறான், அவனும் லீஸ் கார்தான். அவனிடம் கேட்டேன். "அக்கா, இங்க கால் டாலர் காசைத் தலைகீழா பள்ளத்துக்குள்ள விடு, வாஷிங்டன் தலையைப் பட்டன் தொட்டா தப்பிச்ச, தொடலைன்னா பணம் எடுத்து வை" என்றான். அங்கே ஆழத்தை அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்காகக் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் கேட்பது அதில் ரெண்டு பங்கு, அதாவது நம்முடைய 1.6 மி.மீ.தான், லீஸ் கம்பெனிகள் நிறைய பேர் கேட்பது நான்கு பங்கு, மூன்று மி.மீ.க்குச் சற்று மேல். அங்கேயும் மிகக் குறைந்த இடத்தில்தான் அளக்கிறார்கள். இங்கிலாந்தில் வேறு கணக்கு. அங்கே சட்டம் டயர் அகலத்தின் நடு முக்கால் பாகத்தில் 1.6 மி.மீ. இருந்தால் போதும் என்கிறது, லீஸ் சங்கத்தின் வழிகாட்டியும் அந்தச் சட்ட அளவையே ஏற்றுக்கொள்கிறது, காற்று கூடக் குறைய வைத்து ஓட்டியதால் வந்த கோணல் தேய்மானத்தை மட்டும் ஒத்துக்கொள்வதில்லை.

நடுவில் அளப்பதா ஓரத்தில் அளப்பதா என்பது கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பெரிய விஷயம் இல்லை. அவினாசி ரோட்டில் ஓடுகிற காருக்கு டயர் ஒரே சீராகத் தேயும், எங்கே அளந்தாலும் ஏறக்குறைய ஒரே எண். எங்களுக்கு அப்படி இல்லை. கோத்தகிரியிலிருந்து அரவேனு, குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிற கார், முன்சக்கர இழுவை உள்ள கார், அதன் முன் டயர் ரெண்டும் படும் பாட்டை யோசித்துப் பாருங்கள். திருப்புவதும் அதுதான், இழுப்பதும் அதுதான், இறக்கத்தில் வண்டியின் எடை முன்னால் சாய்ந்து பிரேக் பாரத்தைத் தாங்குவதும் அதுதான், ரெண்டாவது கியரில் என்ஜின் பிரேக்கில் இறங்கினாலும் அந்த இழுவையும் முன் சக்கரத்துக்குத்தான் போகும். கொண்டை ஊசியில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது டயர் உருளுவது பாதி, தேய்த்துக்கொண்டு போவது பாதி, அதுவும் வெளி ஓரத்தில். இதனால் எங்கள் ஊர்க் கார்களில் முன் டயரின் நடுப்பகுதி நன்றாக இருக்கும்போதே வெளி ஓரம் வழுவழுவென்று ஆகிவிடும். நின்று கொண்டு பார்த்தால் தெரியாது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்துவிட்டு, கையை டயரின் மேல் உள்ளிருந்து வெளியே தடவினால் நடுவில் பள்ளம் விரலுக்குத் தட்டும், ஓரத்தில் பட்டனின் விளிம்பு மழுங்கி, ஒரு பக்கம் வழுக்கும், திரும்பத் தடவினால் ரம்பம் மாதிரி உறுத்தும்.

இதில் இன்னொரு விஷயம் சேர்ந்துகொள்கிறது, காற்று. மலையிலிருந்து இறங்கிய கையோடு மேட்டுப்பாளையம் பங்க்கில் காற்று பார்ப்பது எங்கள் எல்லாருக்கும் பழக்கம். டயர் அப்போது சூடாக இருக்கும், உள்ளே காற்று விரிந்து மூன்று நாலு பி.எஸ்.ஐ. கூடக் காட்டும், பையன் "ஜாஸ்தியா இருக்கு" என்று திறந்துவிட்டு 33 வைத்துக் கொடுப்பான். மறுநாள் காலை கோத்தகிரிக் குளிரில் பார்த்தால் 30கூட இருக்காது. காற்று குறைந்த டயர் ஓரத்தில்தான் உட்காரும், ஓரம்தான் தேயும். உயரத்தால் காற்று மாறும் என்று சிலர் பயப்படுவார்கள். அது பெரிசாகப் பாதிப்பதில்லை: மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் ரெண்டு பி.எஸ்.ஐ. போல ஏறும், குளிரால் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கும், ரெண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். டயர் ஆறிய பிறகு, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்று வைத்தால் போதும்.

சரி, பரிசோதனைக்கு வருவோம். நிறுவனத்துக்கு நான் கொடுத்த மூன்றில் ஒன்றரை இதற்குத்தான். லீஸ் முடிவதற்கு முன்பே ஆள் அனுப்பி ஒரு முன்பரிசோதனை செய்து தருகிறார்கள், இலவசம், கேட்டால்தான் வருவார்கள், அவர்களாகச் சொல்லமாட்டார்கள். வந்தது கோயம்புத்தூர்ப் பையன், நல்ல பொறுமை. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்கு நீலகிரியில் இ-பாஸ் வேண்டும் என்பது அவனுக்குக் செக்போஸ்ட்டில்தான் தெரிந்திருக்கிறது, அங்கேயே போனில் எடுத்துக்கொண்டு வந்து சேர பதினோரு மணி ஆகிவிட்டது. ஆனால் வேலை சுத்தம். ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் ஆழம் அளக்கும் டெப்த் கேஜை வைத்து, காரைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடியும் அளந்து, எண்ணை எனக்குக் காட்டிவிட்டுத்தான் டேப்லெட்டில் ஏற்றினான். முன் டயர் ரெண்டும் நடுவில் 4க்கு மேல், வெளி ஓரத்தில் 2. "நடுவுல பாத்தா பாஸ் மேடம், ஆனா குறைஞ்ச இடத்தைத்தான் நாங்க போடணும்" என்றான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒப்பந்தத்தில் இருப்பதைத்தான் செய்தான்.

பின்பக்கம் ரெண்டு டயரும் ஆழத்தில் தேறிவிட்டன. இடது பின் டயரில்தான் பிரச்சினை வந்தது. பக்கவாட்டில் ஒரு வெட்டு, கட்டை விரல் நீளம், விரித்துப் பார்த்தால் உள்ளே நூல் தெரிந்தது. மலையில் கார் ஓட்டுகிறவர்களுக்கு அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், பஸ் ஏறி வருகிறது, நாம் இடது பக்கம் ஒதுங்குகிறோம், அங்கே கருங்கல் ஓடை, அதன் விளிம்பில் கல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இந்த ஊர்க் கார்களில் இடது பக்க டயரை மட்டும் பார்த்தால் போதும், எந்த ரோட்டில் ஓடியது என்று சொல்லிவிடலாம். நடுவில் ஆணி குத்தினால் பஞ்சர் ஒட்டலாம், பக்கவாட்டில் வெட்டு விழுந்தால் ஒட்டுப்போட முடியாது, போடவும் கூடாது. அந்த டயர் போச்சு.

இப்போது கணக்கைப் பாருங்கள். முன்னால் ரெண்டு போச்சு. பின்னால் ஒன்று போச்சு, ஆனால் ஒரு பக்கம் புதிசு வேறு டிசைனில் போட்டால் மறுபக்கத்தோடு பொருந்தாது, ஆகவே பின்னாலும் ரெண்டு. நான்கு டயர். நிறுவனமே மாற்றிக்கொண்டால் அவர்களுடைய விலைப்பட்டியல்படி ஒரு டயருக்கு 7,680 ரூபாய், மொத்தம் 30,720. அந்த மின்னஞ்சலைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தை விடுங்கள், அதில் ரெண்டு விஷயம் உறுத்தியது.

ஒன்று, வரி. டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்து 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. என் பரிசோதனை நடந்தது அதற்குப் பிறகு. அவர்கள் அனுப்பிய பட்டியல் பழையது, 6,000 ரூபாய் டயருக்கு 28 சதவீதம் போட்டால் சரியாக 7,680 வருகிறது. 18 போட்டால் 7,080. எழுதிக் கேட்டேன். முதல் பதில் 'எங்கள் பட்டியல் நிலையானது' என்று வந்தது. வரி என்பது உங்கள் பட்டியல் இல்லையே, அரசாங்கம் வைப்பதுதானே என்று திரும்ப எழுதியதும் வேறொருவர் பதில் போட்டு மாற்றிக் கொடுத்தார், மன்னிப்பும் கேட்டார். மாற்றினார்கள் என்பதற்காக அரை மதிப்பெண் கூட்டியிருக்கிறேன், கேட்டால்தான் மாற்றுவார்கள் என்பதற்காக ஒன்று குறைத்திருக்கிறேன். நீங்கள் இந்த வருடம் திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் பட்டியலின் தேதியைப் பாருங்கள்.

இன்னொன்றுக்கு இன்னும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. 8 மி.மீ.யில் ஆரம்பித்து 3 வரை தேய்க்க ஒப்பந்தமே எனக்கு அனுமதி கொடுக்கிறது, அதற்குத்தான் மாதாமாதம் வாடகை கட்டினேன். ஆக அந்த ஐந்து மி.மீ. என்னுடையது. ஓரத்தில் 2 இருந்தால் நான் கூடுதலாகத் தின்றது ஒரு மி.மீ., ஐந்தில் ஒரு பங்கு. புது டயர் விலையில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளுங்கள் என்பது நியாயமா, முழு டயர் விலையையும் கொடு என்பது நியாயமா? முழு விலையைக் கொடுத்தால் அவர்களுக்கு 3 மி.மீ. டயர் வர வேண்டிய இடத்தில் 8 மி.மீ. டயர் கிடைக்கிறது. தம்பியிடம் கேட்டால் அவன் கம்பெனியும் முழு விலைதான் கேட்குமாம். ஊர் உலகமெல்லாம் இப்படித்தான் என்பதால் இது சரியாகிவிடாது.

மெயின்டனன்ஸ் திட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாதம் கொஞ்சம் கூடக் கட்டினால் சர்வீஸ், பேட்டரி, ரெண்டு டயர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நான் எடுத்திருந்தேன். ஆனால் டயர் மாற்றித் தருவது 40,000 கிலோமீட்டர் தாண்டினால்தான். சமவெளியில் நான்கு வருடத்தில் அது சாதாரணம். மலையில் இருப்பவர்கள் வீட்டுக்கும் டவுனுக்கும், எப்போதாவது கீழே மேட்டுப்பாளையத்துக்கும் கோயம்புத்தூருக்கும் ஓட்டுகிறோம், கிலோமீட்டர் ஏறவே ஏறாது, டயர் மட்டும் தேயும். என் கார் அந்த எண்ணைத் தொடவே இல்லை. அதாவது டயர் அதிகம் தேயும் ஊரில் இருப்பவர்களுக்கு டயர் உதவி கிடைக்காது, குறைவாகத் தேயும் ஊரில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும். மீதி மதிப்பெண் போனது இங்கேதான். புதிதாக லீஸ் எடுக்கப்போகிற மலைவாசிகள் கையெழுத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, டயர் மாற்றுவது கிலோமீட்டர் கணக்கிலா ஆழக் கணக்கிலா என்பது.

இனி டயர் கடை. மேட்டுப்பாளையத்தில், ஊட்டி ரோட்டில். சின்னக் கடை, முன்னால் ஒரு லிஃப்ட், அலைன்மென்ட் மெஷின் ஒன்று, டயரைக் கழற்றி மாட்டும் மெஷின் ஒன்று, சுவர் முழுக்க டயர். உட்கார ரெண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்தான், அதில் ஒன்றில் எப்போதும் யாராவது டீ டம்ளரை வைத்திருப்பார்கள், அரை மதிப்பெண் குறைந்தது அதற்காக. முதலாளி பெரியவர், மலையிலிருந்து இறங்கும் லாரி, ஜீப், டாக்ஸி எல்லாம் அவரிடம்தான் வரும், அதனால் கோத்தகிரி ரோட்டு டயரைப் பார்த்தாலே அவருக்குப் புரிந்துவிடுகிறது. நான் பரிசோதனைத் தாளைக் கொடுத்து நான்கு டயர் வேண்டும் என்றேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, நேராகப் போய் டிக்கியைத் திறக்கச் சொன்னார்.

"ஸ்டெப்னி எறக்குனதே இல்லீங்களா அம்மிணி?"

இல்லை. நான்கு வருடமாக டிக்கிக்குள் கிடந்த டயர், எங்கள் காரில் ஸ்டெப்னியும் முழு அளவு, மற்ற நான்கோடு வந்த அதே கம்பெனி அதே டிசைன், இரும்பு ரிம்மில் மாட்டியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பட்டனில் அந்தச் சின்னச் சின்ன ரப்பர் முடிகள்கூட உதிராமல் இருந்தன. அவர் துணியால் பக்கவாட்டைத் துடைத்து, நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கத்தைக் காட்டினார்: 3121. அதாவது 2021ஆம் வருடம் 31ஆவது வாரம் தயாரானது. ஐந்து வருடம் ஆகவில்லை.

"இதக் கழட்டி அலாய் வீல்ல போட்டு பின்னாடி எடது பக்கம் மாட்டிக்கலாங்க. வலது பக்கம் இருக்கறதும் இதே டயர்தான், சோடி சேர்ந்துருச்சு. முன்னாடிக்கு மட்டும் ரெண்டு புதுசு. பழைய முன் டயர்ல நல்லதா ஒண்ண ஸ்டெப்னியாப் போட்டுக் குடுத்துருங்க, சட்டத்துக்கு ஒண்ணு புள்ளி ஆறு இருந்தாப் போதுமில்லீங்க, இதுல ரெண்டு இருக்குது."

நான்கு டயர் விற்கக் கிடைத்த வாய்ப்பை விட்டுவிட்டு ரெண்டு டயர் விற்றுவிட்டுப் போகிற கடைக்காரரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் அங்கேயே நின்றபடி நிறுவனத்துக்குப் போன் போட்டேன், ஸ்டெப்னியை மாற்றிப் போடலாமா என்று. போனில் இருந்தவருக்குத் தெரியவில்லை, பரிசோதனைக்கு வந்த பையனுக்கு இணைப்புக் கொடுத்தார். "ஒப்பந்தத்துல தடை இல்ல மேடம், வயசும் ஆழமும் சரியா இருந்தா நாங்க ஏத்துக்குவோம், ஆனா எதுக்கும் மெயில்ல ஒரு வரி வாங்கிக்கோங்க" என்றான். வாங்கிக்கொண்டேன். அந்த மெயில் வரும்வரை பெரியவர் வண்டியைத் தொடவில்லை, அதுவும் எனக்குப் பிடித்தது.

புது டயர் வாங்கும்போது குறியீட்டில் கவனம் வேண்டும். என் காரில் வந்தது 185/65 ஆர் 15, 88 எச். இதில் 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பது, எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம்வரை. இதே அளவில் டி (T) குறியீட்டு டயரும் கிடைக்கிறது, 190 வரை, விலையும் கொஞ்சம் குறைவு. நம் ரோட்டில் 190 என்ன 90 போவதற்கே இடமில்லை, ஓட்டுவதற்கு டி தாராளமாகப் போதும்தான். ஆனால் ஒப்பந்தத்தில் 'அதே வேகக் குறியீடு' என்று இருந்தால் டி போட்ட டயரைத் தள்ளிவிடுவார்கள், புதிசாக இருந்தாலும் சரி. பெரியவர் இதைக் கேட்காமலேயே எச்-தான் எடுத்துக் கொடுத்தார். தயாரிப்பு வாரத்தையும் ரெண்டு டயரிலும் காட்டினார், ரெண்டும் 2025. கடைகளில் ரெண்டு வருடப் பழைய ஸ்டாக்கைப் 'புதுசு' என்று தருவதுண்டு, டயர் ஓடாமலே கிடந்தாலும் ரப்பர் இறுகும்.

பொதுவாக ரெண்டு புது டயர் வாங்கினால் பின்பக்கம் மாட்டுவதுதான் நல்லது என்பார்கள், மழையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியை மீட்பது கஷ்டம் என்பதால். அதையும் கேட்டேன். இங்கே பின் சோடியில் ஒன்று ஓடாத டயர், ஒன்று ஓடிய டயர், உயரத்தில் வித்தியாசம் இருக்கிறது. அந்தச் சோடியை இழுக்கிற முன்சக்கரத்தில் போட்டால், ரெண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் சும்மா சும்மா வேலை செய்துகொண்டே இருக்கும், அதனால் சமமான புது ரெண்டும் முன்னால்தான் என்றார். சரியான காரணம்.

ஒரு டயர் 5,600 ரூபாய். கழற்றி மாட்டியது, புது வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 13,000க்குள் முடிந்தது. அலைன்மென்ட் பார்க்கும்போது திரையில் முன்னால் ரெண்டு பக்கமும் டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், சிவப்பில் இருந்தது, ஓரம் ரம்பம் மாதிரி ஆனதற்கு கொண்டை ஊசி மட்டும் காரணம் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இத்தனைக்கும் நிறுவனத்தின் மெயின்டனன்ஸ் திட்டத்தில் சர்வீஸ் சென்டரில் அலைன்மென்ட் பார்த்ததாக பில் இருக்கிறது, எப்போது, என்ன அளவு என்ற அச்சுத் தாள் எதுவும் தரவில்லை. இந்தக் கடையில் சரிசெய்வதற்கு முன், சரிசெய்த பின் என்று ரெண்டு அளவும் அச்சடித்துக் கொடுத்தார்கள். வெட்டு விழுந்த டயரையும் மிச்சமிருந்த ஒரு முன் டயரையும் எடுத்துக்கொண்டு பில்லில் 300 ரூபாய் கழித்தார்கள். நூல் தெரியும் அந்த டயரை வேறு யாருக்காவது விற்றுவிடாதீர்கள் என்றேன். "அது மாட்டு வண்டிக்குக்கூட ஆகாதுங்க" என்று சிரித்தார்.

கடைசி ஒப்படைப்பு கோயம்புத்தூரில், அவர்களுடைய யார்டில். வேறு ஆள், அதே டேப்லெட், அதே கேஜ். முன்னால் 8, பின்னால் இடது 8, வலது 4.5, ஸ்டெப்னி 2. ஸ்டெப்னியில் 2 என்று பார்த்ததும் ஒரு நிமிடம் நின்றார், சிவப்புப் பெட்டியைத் தட்டப் போனார். மெயிலைக் காட்டினேன், ஒப்பந்தத்தின் அந்த வரியையும் காட்டினேன், பச்சைக்கு மாற்றினார். டயர் பில்லின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், ஜாக்கியும் ஸ்பேனரும் இருக்கிறதா என்று பார்த்தார்கள், அலாய் ரிம்மில் ஓடைக்கல் கீறியதைப் படம் எடுத்தார்கள், ஆனால் உள்ளங்கையைவிடச் சின்னது என்பதால் சாதாரணத் தேய்மானம் என்று விட்டுவிட்டார்கள். டயருக்காக ஒரு ரூபாய் பிடிக்கவில்லை. முன்பணம் வங்கியில் திரும்ப வந்துவிட்டது, சொன்ன தேதியில்.

அடுத்த காரும் லீஸ்தான் எடுத்திருக்கிறேன், வேறு நிறுவனம், டயர் மாற்றுவது ஆழக் கணக்கில் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான். கூடவே 200 ரூபாய்க்குள் ஒரு டெப்த் கேஜ் வாங்கி டேஷ்போர்டில் போட்டிருக்கிறேன். 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன் டயரைப் பின்னால், பின் டயரை முன்னால் மாற்றி, அதற்கான பில்லையும் அலைன்மென்ட் தாளையும் எடுத்து வைக்கிறேன். ஓரம் 4ஐத் தொடும்போதே மாற்றி மாற்றிப் போட்டால் நான்கும் ஒன்றாகத் தேயும், ரெண்டு மட்டும் முன்னால் சாகாது. ரொட்டேஷனுக்கு ஸ்டெப்னியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் பெரியவர். அலாய் வீலும் இரும்பு ரிம்மும் கலந்துபோகும் என்பதால் அதற்கு நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

கடைக்குப் போகிறவர்கள் காலை ஒன்பதரைக்கே போய்விடுங்கள். பதினோரு மணிக்கு மேல் மலையிலிருந்து இறங்கும் டாக்ஸிகள் வரிசை கட்டும், ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை கிடையாது. சீசன் நேரத்தில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழிப் பாதை போடுவார்கள், அப்போது கோத்தகிரிக்காரர்கள் திரும்பி வரும் நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். கார்டு வாங்குவதில்லை, யு.பி.ஐ. உண்டு.